நிலம் முடியும் இடத்தில் ஒரு நகரம்

சில ஊர்களின் வரலாற்றை அறிவதற்கு முதலில் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை; அவ்வூருக்குச் செல்லும் வழியே அதனைச் சொல்லிவிடும். ஸ்பெயின் தேசத்தின் தென்மேற்குக் கரையிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் விளிம்பில் அமைந்திருக்கும் காதிஸ் என்னும் துறைமுக நகரம் அத்தகையது. ஆங்கிலம் பேசுவோர் இதனைக் கேடிஸ் என்பர்.

செவில் மாநகரிலிருந்து புகையிரதமேறித் தெற்கு நோக்கி வரும் பிரயாணி, முதலில் திராட்சைத் தோட்டங்களைக் காண்பான். பின்னர் உப்பளங்களும் சேற்று நிலங்களும் வரும். அதன்பின் நிலம் சிறிது சிறிதாக ஒடுங்கத் தொடங்கும். ஈற்றில் ஒரு புறம் குடாக்கடலும் மறுபுறம் சமுத்திரமுமாக, நடுவே நீண்டு கிடக்கும் மணற்றிட்டியின்மீது வண்டி ஓடும். அந்த மணற்றிட்டியின் முடிவில் பழைய நகரம்; நகரத்தின் முடிவில் மீண்டும் சமுத்திரம். புகையிரதப் பாதை அங்கேயே நின்றுவிடுகிறது. அப்பாற் செல்வதற்கு நிலமில்லை.

நிலமில்லை என்ற இந்த ஒரு குறையை மனத்தில் இருத்திக்கொண்டால், காதிஸ் நகரிலே காணத்தக்கவை யாவும் தாமாகவே விளக்கம் பெறும். அதன் பெருமையும் அதிலிருந்தே பிறந்தது. அதன் துன்பமும் அதிலிருந்தே பிறந்தது.

இந்நகரை முதலில் அமைத்தவர்கள் பினீசியர். இன்றைய லெபனான் நாட்டின் கரையிலுள்ள தீர் என்னும் பட்டினத்திலிருந்து மத்தியதரைக் கடல் முழுவதையும் கடந்து, ஜிப்ரால்டர் நீரிணைக்கும் அப்பால் வந்த வணிகர்கள் அவர்கள். கி.மு. 1100ஆம் ஆண்டளவில் அவர்கள் இங்கு குடியேறினர் என்பது பண்டை உரோம நூலார் சொல்லிச் சென்ற மரபு. அகழ்வாராய்ச்சியிற் கிடைத்த சான்றுகளோ கி.மு. 9ஆம் நூற்றாண்டுக்கே நம்மை இட்டுச் செல்கின்றன. எவ்வாறாயினும், மேற்கு ஐரோப்பாவிலே இடையறாது மக்கள் வாழ்ந்துவரும் ஊர்களுள் மிகப் பழையவற்றில் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. பினீசியர் இதற்கு இட்ட பெயர் காதிர். மதில் சூழ்ந்த இடம் என்பது அதன் பொருள். உரோமர் அதனைக் காதெஸ் என்றனர். அப்பெயரே திரிந்து காதிஸ் ஆயிற்று.

வணிகர்கள் ஏன் இந்த ஒடுங்கிய இடத்தைத் தேர்ந்தார்கள்? அக்காலத்தில் இது தீவுக் கூட்டமாக இருந்தது. தீவுகளுக்கிடையே இருந்த நீர்ப்பாதை பிற்காலத்திலே மண்ணால் தூர்ந்துபோயிற்று. உள்நாட்டு மலைகளிலிருந்து வெள்ளி வந்தது. ஆழ்கடலிலிருந்து சூரை மீன் வந்தது. சுற்றிலும் உப்பு விளைந்தது. தீவிலே இருந்துகொண்டு பெருநிலத்தோடு வாணிகம் செய்பவனுக்குக் கடலே அகழியாக அமைகிறது. ஆகவே நிலக்குறைவு அவர்களுக்குக் குறையாகத் தோன்றவில்லை, காவலாகவே தோன்றியது.

ஆனால், இடம் குறைந்த ஊரில் வாழ்வோர் பழையதை விட்டுவிட்டு வேறிடத்தில் புதிதாக ஊர் எழுப்ப இயலாது. ஒரு காலத்தவர் வீட்டின்மேலேயே அடுத்த காலத்தவர் வீடு கட்ட வேண்டும். இதனைக் கண்கூடாகக் காண விரும்புவோர், பழைய நகரிலுள்ள பொம்மலாட்ட அரங்கு ஒன்றின் அடித்தளத்திற்கு இறங்கிச் செல்லலாம். தெரு மட்டத்திற்கு ஏறத்தாழ 9 மீற்றர் கீழே, பினீசியரின் தெருக்களும் வீட்டுச் சுவர்களும் அப்பம் சுட்ட அடுப்புகளும் அங்கு வெளிப்பட்டுள்ளன. மேலே சிறுவர்கள் பொம்மைக் கூத்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கீழே இரண்டாயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் அடுப்பு மூட்டிய இடம் இருக்கிறது.

இதனினும் வியப்பான செய்தியொன்று உண்டு. 1887ஆம் ஆண்டிலே நகர்ப்புறத்தில் நிலத்தைத் தோண்டியபோது, தாடியுடைய ஆடவனின் உருவம் செதுக்கிய பினீசியர் காலத்துச் சலவைக்கற் பேழையொன்று கிடைத்தது. இறந்தவரின் உடலை வைத்து அடக்கம் செய்யும் பேழை அது. பிற்காலத்தில் இந்நகரின் அகழ்வாராய்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த பெலாயோ கின்தேரோ என்னும் அறிஞர், ஆடவனுக்கு ஒரு பேழை இருப்பின் பெண்ணொருத்திக்கும் ஒன்று இருந்தே தீரும் என்று உறுதியாக நம்பினார். பல ஆண்டுகள் நகரெங்கும் அகழ்ந்து தேடினார். கிடைக்கவில்லை. 1946ஆம் ஆண்டிலே ஆபிரிக்கக் கரையிலுள்ள தெத்துவான் நகரில் அவர் காலமானார். 1980ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், புதுக் கட்டிடமொன்றிற்கு அடித்தளம் தோண்டியவர்கள் அந்தப் பெண்ணுருவப் பேழையைக் கண்டெடுத்தனர். அது கிடைத்த இடம் கின்தேரோ அவர்கள் குடியிருந்த வீடு நின்ற நிலமே என்று நகர மக்கள் இன்றும் வியந்து சொல்வர். ஊரெல்லாம் தேடிய பொருள் அவர் காலடியிலே கிடந்தது! அவ்விரண்டு பேழைகளும் இப்பொழுது மீனா சதுக்கத்திலுள்ள நூதனசாலையில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. காதிஸுக்குச் செல்பவர் வேறெதனைக் காணாது விடினும் இதனைக் காணாது விடலாகாது.

உரோமர் காலத்திலும் இவ்வூர் சீர்பெற்று விளங்கியது. சிறு மீன்களையும் மீன் குடலையும் உப்பிட்டு, வெயிலில் நாட்பட வைத்து வடித்தெடுத்த ஒருவகைச் சாறு உரோமாபுரிச் செல்வரின் உணவு மேடைகளுக்கு இங்கிருந்து சென்றது. மத்தியதரைக் கடலில் கடல் ஏறுவதும் வற்றுவதும் மிகச் சிறிதளவே. அத்திலாந்திக் கரையிலோ அது பெரிது. கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் பொசிடோனியஸ் என்னும் கிரேக்க அறிஞர் இங்கு வந்து தங்கி, கடலின் ஏற்றவற்றத்திற்கும் சந்திரனின் இயக்கத்திற்கும் உள்ள தொடர்பை நாள்தோறும் நோக்கி ஆராய்ந்தார். அக்காலத்துப் பெரிய அரங்கொன்றும் இங்கு உண்டு. பத்தாயிரம் பேர் வரை அமரக்கூடிய அவ்வரங்கு, வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியில் மறைந்து கிடந்து, அதே 1980ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டது. அதன் ஒரு பகுதி இன்றும் குடியிருப்புகளின் கீழேயே இருக்கிறது. முழுவதையும் அகழ வேண்டுமாயின், உயிருள்ளோரின் வீடுகளை இடிக்க வேண்டும்.

நேயர்களே, பல நூற்றாண்டுகளைக் கடந்து இனி அமெரிக்கா கண்டறியப்பட்ட காலத்திற்கு வருவோம். 1493ஆம் ஆண்டு செப்ரெம்பர் 25ஆம் நாள் கொலம்பஸ் தமது இரண்டாவது கடற்பயணத்தை 17 கப்பல்களுடன் காதிஸிலிருந்தே தொடங்கினார். அதன்பின் அமெரிக்க வாணிகம் பெருகப் பெருக, பகைவரின் கண்ணும் இந்நகரின்மேல் விழுந்தது. 1587இல் ஆங்கிலக் கடலோடி டிறேக் துறைமுகத்துள் புகுந்து கப்பல்களை அழித்தார். 1596இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் கூடிவந்து நகரையே கைப்பற்றிச் சூறையாடி, போகும்போது தீயிட்டுச் சென்றனர். பழைய வீடுகள் பெரும்பாலும் அத்தீயில் அழிந்தன. ஆகவேதான் இவ்வளவு தொன்மையான ஊரிலே அதற்கு முற்பட்ட கட்டிடங்கள் நிலத்தின்மேல் அரிதாகவே காணப்படுகின்றன. அத்தீக்குப் பின் எழுந்தவையே இன்று நாம் காணும் கொத்தளங்களும் கோட்டைகளும்.

1717ஆம் ஆண்டில் அமெரிக்க வாணிகத்தை நடத்திய அரசாங்க அலுவலகம் செவிலிலிருந்து காதிஸுக்கு மாற்றப்பட்டது. ஆற்றிலே மணல் ஏறியதனாற் பெரிய கப்பல்கள் செவில்வரை செல்ல இயலாது போனமை அதற்கொரு காரணம். அன்று முதல் வெள்ளியும் கொக்கோவும் சாயப்பொருள்களும் இங்கு வந்து குவிந்தன. இந்தச் செல்வத்தில் பெரும்பகுதி, அமெரிக்கச் சுரங்கங்களிற் கட்டாய வேலை செய்த பழங்குடி மக்களின் உழைப்பிலும், அடிமைகளின் வியர்வையிலும் விளைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

செல்வம் பெருகியது; நிலம் பெருகவில்லை. எனவே வணிகர்கள் மேல்நோக்கிக் கட்டினர். அவர்களுடைய வீடுகளின் அமைப்பு கவனிக்கத்தக்கது. தெருத்தளத்திலே பண்டகசாலை, அதற்குமேல் கணக்கர் இருந்து எழுதும் அறைகள், அதற்கும் மேலே குடும்பத்தார் வாழும் தளம், உச்சித் தளத்தில் ஏவலாளர். முற்றத்தின் அடியிலே மழைநீரைத் தேக்கும் தொட்டி. ஏனெனில் கடல் சூழ்ந்த ஊரிலே நன்னீர் அரிது. தெருக்கள் மிக ஒடுங்கியவையாதலால், வண்டிகள் உராய்ந்து வீட்டு மூலைகள் சிதையாதிருக்கப் பழைய பீரங்கிக் குழாய்களைத் தெரு மூலைகளில் நட்டு வைத்தனர். அவற்றை இன்றும் காணலாம்.

வீடுகளின் உச்சியிலே காவற் கோபுரங்கள் எழுந்தன. 18ஆம் நூற்றாண்டில் அத்தகைய கோபுரங்கள் ஏறத்தாழ 160 இருந்தன. அவற்றுள் 120க்கு மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. தன் கப்பல் அடிவானத்தில் தோன்றுகிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு வணிகனும் எழுப்பியவை அவை. மாதக்கணக்காகச் செய்தியின்றி இருந்தவனுக்கு, வாழ்வா தாழ்வா என்பதை அந்தக் கோபுரத்திலிருந்து காணும் ஒரு பாய் தீர்த்துவைக்கும். அவற்றுள் உயர்ந்ததாகிய தவீரா கோபுரம், கடல்மட்டத்திலிருந்து 45 மீற்றர் உயரத்தில் நிற்பது. 1778இல் அது துறைமுகத்தின் அரச காவற் கோபுரமாயிற்று. அதன் முதற் காவலரின் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது.

இக்கோபுரத்தினுள் 1994ஆம் ஆண்டில் இருட்டறைக் கருவியொன்று அமைக்கப்பட்டது. கூரையிலே ஒரு கண்ணாடியும் வில்லைகளும் பொருத்தப்பட்டுள்ளன. வெளியிலுள்ள காட்சியின் ஒளி கண்ணாடியிற் பட்டுத் திரும்பி, வில்லைகளின் வழியாகக் கீழிறங்கி, இருண்ட அறையின் நடுவே வைத்துள்ள வெண்மையான குழிந்த வட்டத்தட்டில் விழுகிறது. கண்ணாடியைத் திருப்பத் திருப்ப நகரம் முழுவதும் அத்தட்டிலே உயிரோடு சுழல்கிறது. மொட்டைமாடியிற் காயும் துணி அசைவதும், துறைமுகத்திற் கப்பல் நகர்வதும், கடற்பறவை பறப்பதும் யாவும் தெரிகின்றன. மின்சாரமும் படச்சுருளும் இல்லாமல் ஒளியொன்றினாலேயே நிகழும் இக்காட்சியைக் கண்டவர் எளிதில் மறவார்.

கடல் கொடுத்ததைக் கடலே எடுத்துக்கொள்ளவும் முற்பட்டதுண்டு. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் நாள் லிஸ்பன் நகரை அழித்த பெரும் நிலநடுக்கத்தின்பின், பேரலைகள் எழுந்து காதிஸை மோதின. மேற்குப் புறத்து மதில் உடைந்தது. மக்கள் அஞ்சி, ஒரே தரைவழியாகிய மணற்றிட்டியை நோக்கி ஓடினர். நகராதிபதியோ நிலவாசலின் கதவுகளை அடைக்குமாறு கட்டளையிட்டார். அக்கட்டளை அப்பொழுது கொடுமையாகத் தோன்றியிருக்கும். ஆனால் முன்னரே வெளியேறி மணற்றிட்டியில் நின்றவர்களை அலை வாரிச் சென்றது. உள்ளே அடைபட்டவர்களிற் பெரும்பாலோர் பிழைத்தனர். மதில் சூழ்ந்த இடம் என்று பினீசியர் இட்ட பெயரின் பொருளை நகரம் அன்று மீண்டும் அறிந்தது.

நகரின் பேராலயமும் இக்காலத்து வரலாற்றைத் தன் சுவரிலே எழுதி வைத்திருக்கிறது. 1722இல் தொடங்கிய வேலை 1838இலேதான் முடிந்தது, 116 ஆண்டுகள்! வாணிகம் சிறந்தபோது எழுப்பிய கீழ்ப்பகுதியிலே சலவைக்கல். பணம் குறைந்தபின் எழுப்பிய மேற்பகுதியிலே மலிவான வெண்கல். கடற்காற்றின் உப்பு அந்தக் கல்லை அரித்து உதிர்ப்பதனால், விதானத்தின் கீழே வலை கட்டிக் காக்கவேண்டியதாயிற்று. நிலவறையிலே இந்நகரிற் பிறந்த இசைமேதை மனுவேல் டி ஃபாயா துயில்கிறார். 1946இல் ஆர்ஜென்ரீனாவிலே காலமான அவரது உடல் கடல் கடந்து தாயூருக்குக் கொண்டுவரப்பட்டது. கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அத்திலாந்திஸ் நாட்டைப் பற்றி அவர் இயற்றிய பெரும் இசைநூல் அவர் காலத்தில் முற்றுப்பெறாமல், அவருடைய மாணாக்கராலேயே நிறைவுசெய்யப்பட்டது.

நேயர்களே, காதிஸ் நகரின் பெயரை உலக அரசியல் வரலாற்றிலே நிலைக்கச் செய்த நிகழ்ச்சிக்கு இப்பொழுது வருகிறோம். 1808இல் நெப்போலியன் ஸ்பானிய அரசரைச் சிறைப்படுத்திவிட்டுத் தன் தமையனை அரியணையில் ஏற்றினான். பிரெஞ்சுப் படைகள் தேசத்தின் பெரும்பகுதியைக் கைக்கொண்டு, 1810ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் இந்தக் குடாவின் கரையை அடைந்தன. அங்கே அவை நின்றுவிட்டன. முன்னே உப்பளச் சேறு, அதற்கப்பால் நீர், நீரிலே ஆங்கிலேயக் கப்பல்களும் ஸ்பானியக் கப்பல்களும். இரண்டரை ஆண்டுகள் முற்றுகை நீடித்தது. குடாவின் மறுகரையிலிருந்து பிரெஞ்சுக்காரர் எறிந்த குண்டுகளிற் பல, வெடிக்காமலே விழுந்தன. காதிஸ் மக்கள் அவற்றைக் கேலிசெய்து பாட்டுக் கட்டினர். கடல்வழி திறந்திருந்தபடியால் உணவும் வந்தது, செய்தியும் வந்தது.

அவற்றோடு மக்கட் பிரதிநிதிகளும் வந்தனர். ஸ்பெயினின் மாகாணங்களிலிருந்து மட்டுமன்றி, மெக்சிக்கோ, பெரு முதலிய அமெரிக்க நாடுகளிலிருந்தும், நம் கீழைத்தேசத்துப் பிலிப்பைன் தீவுகளிலிருந்தும் உறுப்பினர்கள் அச்சபையில் இடம்பெற்றனர். சான் பெலிப்பே நேரி என்னும் நீள்வட்ட வடிவான ஆலயத்திலே அவர்கள் கூடி விவாதித்தனர். 1812ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள், 384 பிரிவுகளைக் கொண்ட அரசியல் யாப்பு பிரகடனம் செய்யப்பட்டது. இறைமை அரசனுக்கு உரியதன்று, தேசத்திற்கே உரியது என்பது அதன் அடிப்படை. அந்நாள் புனித சூசையப்பர் திருநாளாதலால், யோசேப் என்னும் பெயரின் செல்லவடிவத்தைக் கொண்டு மக்கள் அந்த யாப்பைப் பேப்பா என்று அழைத்தனர்.

அந்த யாப்பிலே குறைகள் பல இருந்தன. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆபிரிக்க வழிவந்தோர் பொதுவாகக் குடியுரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். அடிமை முறை ஒழிக்கப்படவில்லை. கத்தோலிக்க மதமொன்றே அனுமதிக்கப்பட்டது. அதன் ஆயுளும் குறுகியது. முற்றுகை நீங்கி, அரசர் ஏழாம் பெர்தினாந்து நாடு திரும்பியதும், 1814ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைச் செல்லாதெனக் கட்டளையிட்டார். 1820இல் அது மீண்டும் உயிர் பெற்று, 1823இல் மீண்டும் வீழ்ந்தது. எனினும் போர்த்துக்கல், நாப்பொலி முதலிய நாடுகளிலே அரசியற் சீர்திருத்தம் வேண்டியோர் அதனையே முன்மாதிரியாகக் கொண்டனர். ஒரு தேசம் ஏறத்தாழ முழுவதும் பகைவர் கையிற் சிக்கியிருந்த வேளையிலே, எஞ்சியிருந்த ஒரு மணற்றிட்டியின் முனையில் நின்று, நாளைய ஆட்சி எவ்வாறு அமையவேண்டும் என்று சிலர் எழுதிக்கொண்டிருந்தார்களே, அந்த மனவுறுதியே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. கீற்றோ நகரைச் சேர்ந்த பிரதிநிதியான மெகீயா லெக்கேரிக்கா என்னும் நாவலர், 1813இலே மஞ்சட் காய்ச்சலால் இங்கேயே இறந்தார். தம் ஊருக்கு அவர் திரும்பவேயில்லை. ஸ்பானியா சதுக்கத்திலே இந்த யாப்பின் நினைவாக எழுப்பிய பெரிய நினைவுச்சின்னத்தில், வெறும் ஆசனமொன்று செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் அமர்ந்திருப்பவர் எவருமில்லை.

அமெரிக்க நாடுகள் விடுதலை பெற்றபின் காதிஸின் வாணிகம் தளர்ந்தது. 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள் இரவு, கடற்படையின் வெடிமருந்துக் கிடங்கொன்று வெடித்து, ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அப்போதும் நிலவாசலின் தடித்த மதிலே பழைய நகரைப் பெருமளவிற் காத்தது. உள்நாட்டுப் போர்க்காலத்திலே, 1937இல் தடைசெய்யப்பட்ட காதிஸின் புகழ்பெற்ற களியாட்ட விழா, 1977இல் தன் பழைய பெயரோடு திரும்பியது. ஆண்டுதோறும் தவக்காலத்திற்கு முன் நடைபெறும் அவ்விழாவிலே, பாடகர் குழுக்கள் வேடமணிந்து வந்து, அந்த ஆண்டின் அரசியலையும் ஊர்ப் பெரியவர்களையும் நகைச்சுவையோடு பாடுகின்றன. பீரங்கிக் குண்டைக் கேலிசெய்த மக்களின் வழிவந்தோர் அல்லரோ!

இத்தனை பகைவரையும் வென்று நின்ற நகரத்துக்கு இன்று நேர்ந்துள்ள இடர், ஓசையின்றி வருவது. 1981இல் ஏறத்தாழ 157,000 பேர் வாழ்ந்த காதிஸில், இன்று 110,000 பேரளவிலேயே வாழ்கின்றனர். கப்பல் கட்டும் தொழில் சுருங்கியது. வீடு கட்டுவதற்குப் புது நிலம் இல்லை. இருக்கும் பழைய வீடுகளிற் பல, உல்லாசப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்படுவதனால், இளங்குடும்பங்கள் குடாவின் மறுகரை ஊர்களை நாடிச் செல்கின்றன. 2015இல் திறக்கப்பட்ட, மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீண்ட பாலமொன்று அக்கரையை இணைக்கிறது. அதற்கு இட்ட பெயர் 1812ஆம் ஆண்டு யாப்புப் பாலம். நகரைக் காக்க எழுந்த யாப்பின் பெயர் தாங்கிய பாலத்தின் வழியாகவே நகரத்தின் பிள்ளைகள் பலர் வெளியேறுகின்றனர்.

ஆகவே, காதிஸைக் காணச் செல்லும் பிரயாணி ஒன்றை நினைவில் வைத்திருத்தல் நன்று. அவ்வூரிலே ஒவ்வோரடி நிலமும் யாரோ ஒருவருடைய வீடு. அல்லது ஒரு காலத்தில் வீடாக இருந்தது. வந்தவன் சிறிது நேரம் நின்று பார்த்து, உள்ளூரார் கடையிலே உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்டு, இடத்தை அடைத்துக்கொள்ளாமல் திரும்ப வேண்டும். மாலை வேளையிலே, இரண்டு கோட்டைகளுக்கிடையே பிறைபோல் வளைந்து கிடக்கும் லா கலேத்தா என்னும் சிறு கடற்கரைக்குச் சென்றால், மீனவரின் தோணிகள் நங்கூரமிட்டு நிற்பதையும், சூரியன் சமுத்திரத்தில் மறைவதையும் காணலாம். பினீசியரின் கப்பல்கள் நுழைந்த பழைய நீர்ப்பாதையின் வாய் அதுவே. கடல் வற்றும்போது பாறைகள் தெரியும், ஏறும்போது மறைந்துவிடும். மூவாயிரம் ஆண்டுகளாக ஏறியும் வற்றியும் வருகின்ற அந்தக் கடலோரத்திலே, நிலமில்லாத ஒரு நகரம் இன்னும் தன் மக்களை இருத்திக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறது.